செனோபியோவின் சட்டை

அயகூச்சோ மலையில், துப்பாக்கியை நீட்டிக் கேட்ட கெரில்லாக்களுக்குச் செனோபியோ ஓர் ஆட்டைக் கொடுத்தான். தீவிரவாதிகளுக்குத் தீனி போட்டவன் என்று மறுவாரமே ராணுவம் அவனைப் பிடித்துக்கொண்டு போனது. அவன் மனைவி ஃபிதேலா முகாம் வாசலில் போய் நின்றபோது, "அப்படி யாரும் இங்க இல்லம்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

ஆணியில் தொங்கிய அவனது வேலைச் சட்டை மட்டும் வாராவாரம் அழுக்கானது. காலரில் வியர்வை, முழங்கையில் உருளைக்கிழங்கு வயலின் மண். ஃபிதேலா அதை ஆற்றில் துவைத்து, காயவைத்து, மறுபடி ஆணியில் மாட்டுவாள்.

"போட ஆளில்லாத சட்டைய எதுக்கு அண்ணி போட்டுக் கசக்குறீங்க?" என்றாள் செனோபியோவின் தங்கை விசெந்தா.

"நீயே மோந்து பாரு."

விசெந்தா முகர்ந்தாள். வெகுநேரம் சட்டையை முகத்திலிருந்து எடுக்கவே இல்லை.

சண்டை ஓய்ந்து பல வருடங்கள் கழித்து, முகாமின் பின்புறத்தைத் தோண்டினார்கள். எலும்புகளோடு கிடைத்த இடுப்புப் பட்டை ஃபிதேலா நெய்தது. அரசாங்கம் கொடுத்த சிறிய வெள்ளைப் பெட்டியில் பெயின்ட் இன்னும் காயவில்லை.

"சட்டையையும் உள்ள வெச்சிடலாம் அண்ணி. அண்ணனுக்குக் குளிரும்."

"வேணாம்டி. அது ஒண்ணுதான் வீட்டுக்கு வந்து போகுது."

ஊர் ஆண்கள் தோள் மாற்றித் தோள் மாற்றிப் பெட்டியைச் சுமந்துபோய்ப் புதைத்தார்கள். பாரமே தெரியவில்லை என்றார் ஒருவர்.

ஃபிதேலா வீடு திரும்பினாள். சட்டை ஆணியில்தான் தொங்கியது. முதுகுப்பக்கம் வியர்வையில் நனைந்திருந்தது. வலது தோளில் வெள்ளைப் பெயின்ட் ஈரமாக அப்பியிருந்தது.