எட்டாம் நம்பர் கட்டில்

“பச்சைக் குழந்தையோட மருந்தைத் தட்டி விட்டுட்டாளே, பாவி!”

வைதேஹி போட்ட சத்தத்தில் அந்தத் திருச்சி ஆஸ்பத்திரியின் குழந்தைகள் வார்டே எழுந்து உட்கார்ந்தது.

அதுவரை அவள் கண்ணை மூடி, “ரங்கநாதா, நீதான் துணை” என்று வேண்டிக்கொண்டிருந்தாள். மடியில் இரண்டு வயது வீரராகவன். நாலு நாளாக வயிற்றுப்போக்கில் துவண்டு கிடந்தான். அன்றுதான் வேலைக்கு வந்த புது நர்ஸ், அவுன்ஸ் கிளாஸை அவன் உதட்டருகே கொண்டுபோனதுதான் தாமதம். பக்கத்துக் கட்டிலிலிருந்து சாரா பீவி பாய்ந்து வந்து நர்ஸின் கையைத் தட்டிவிட்டாள். கிளாஸ் சுவரில் பட்டுத் தூளாயிற்று.

“ஏம்மா, உனக்குப் புத்தி இருக்கா?” என்று நர்ஸ் கத்தினாள்.

“தன் பிள்ளைக்கு முதல்ல தரலையேன்னு ஆத்திரம்! வேறென்ன?” என்றாள் எதிர்க் கட்டில் கோதைநாயகி.

“வாயால சொல்றதுக்குள்ளே உள்ளே போயிருக்குமேங்க!” சாரா பீவிக்கு மூச்சு வாங்கியது. “தரையைப் பாருங்கம்மா, பச்சையா இருக்கு! உங்க புள்ளைக்குக் கொடுக்கறது வெள்ளை மருந்தாச்சே. இது என் கலீல் குடிக்கிறது!”

வைதேஹி குனிந்து பார்த்தாள். குழந்தையின் உதட்டை முந்தானையால் துடைத்தாள்.

டாக்டர் தைரியராஜ் ஓடி வந்தார். குழந்தையின் வாயைத் திறந்து பார்த்தார். நாடியைப் பிடித்தார்.

“ஒரு சொட்டுகூட உள்ளே போகலை. கும்பிடற சாமிக்கு நன்றி சொல்லுங்க. இது இருதய மருந்து! எட்டு வயசுப் பையனுக்கே சொட்டு எண்ணித்தான் தரோம். இவன் குடிச்சிருந்தா நாடியே நின்னிருக்கும்.”

“எட்டாம் நம்பர் கட்டில் சீட்டுல எழுதியிருக்கிறதைத்தானே கொடுத்தேன் டாக்டர்!” நர்ஸ் அழுதுவிட்டாள்.

டாக்டர் இரண்டு கட்டிலையும் பார்த்தார். அவர் முகம் சிவந்தது.

“எட்டுல இருந்த கலீல் எப்படி ஏழுக்கு வந்தான்? இங்கே நம்பரைப் பார்த்துத்தான் மருந்து! யார் இடம் மாத்தச் சொன்னது? சொன்னவங்க பிள்ளையைத் தூக்கிக்கிட்டு இப்பவே வெளியே போகலாம்!”



“நான்தாங்க சொன்னேன்,” என்றாள் சாரா பீவி. “ஜன்னல் காத்து கலீலுக்கு ஒத்துக்கலை.”

“அப்போ மூட்டையைக் கட்டு.”

அவள் தன் கட்டிலுக்குத் திரும்பினாள். போர்வையை மடித்தாள். கலீலைத் தூக்கி நிறுத்தினாள். நாலு அடி வைப்பதற்குள் பையனுக்கு மூச்சிரைத்தது.

“நன்னா வேணும்!” என்று முணுமுணுத்தாள் கோதைநாயகி.

வைதேஹி குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு டாக்டருக்குக் குறுக்கே வந்து நின்றாள்.

“நான் போறேன் டாக்டர். ஸ்ரீரங்கத்து வெள்ளைக் கோபுரம் தெரியற ஜன்னல்னு, விடியக்காலம் இந்தம்மா கையைப் பிடிச்சுக் கெஞ்சி, இடம் மாத்திண்டவள் நான்தான்!”