தாண்டி வந்த சமாதானம்

கணவன் ஜெயசிங்குக்கும் பியூலாவுக்கும் தொடுப்பு இருக்கிறதோ என்று சந்தேகம் விழுந்த நாளிலிருந்து சுகிர்தா கோவிலில் திருவிருந்து எடுக்கவில்லை. மனதில் இவ்வளவு கசப்பை வைத்துக்கொண்டு அப்பத்துக்குக் கை நீட்ட முடியுமா? ஆனாலும் கோவிலுக்கு வராமல் இருந்ததில்லை. பெண்கள் பக்கம் பியூலா எங்கே உட்கார்கிறாளோ, அங்கேயே போய் ஒட்டி உட்காருவாள். ஜெபத்தில் எல்லாரும் கண்ணை மூடும்போது இவள் கண் மட்டும் திறந்திருக்கும்.

இன்றைக்கு, திருவிருந்துக்கு முன் கைக்குக் கை கடத்தும் சமாதான வாழ்த்தைப் பீடத்தில் போதகர் ஐயரிடம் கைகூட்டி வாங்கிக்கொண்டு, சபைக் கமிட்டிக்காரனான ஜெயசிங் பெண்கள் பக்கம் வந்தான். ஒவ்வொரு வரிசையிலும் ஓரத்தில் இருப்பவள் கையில் அதைக் கொடுத்தான். அவள் அடுத்தவளுக்குக் கொடுத்தாள். இந்த வரிசையின் ஓரத்தில் பியூலா. அவள் கையை எவ்வளவு நேரம் பிடிக்கிறான் பார்ப்போம் என்று சுகிர்தா காத்திருந்தாள். அவன் பிடிக்கவே இல்லை. நீட்டியிருந்த அந்தக் கைகளைத் தாண்டி எட்டி, சுகிர்தாவின் கையைப் பிடித்து, "சமாதானம்" என்றான். அவன் உள்ளங்கை வியர்த்திருந்தது.

எல்லாப் பெண்களுக்கும் கொடுத்தவன் இவளை மட்டும் தொடப் பயப்படுகிறான்; இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்?

சுகிர்தாவின் மறுபக்கத்துப் பெண் சமாதானத்துக்காகக் கைநீட்டிக் காத்திருந்தாள். 'ஆண்டவரே, இந்தச் சமாதானத்தையா என் கையில கொடுத்தீரு' என்று சுகிர்தா பல்லைக் கடித்தாள். பிறகு பியூலா பக்கம் திரும்பி, அந்த வெறுங்கைகளைத் தன் கைகளுக்குள் வைத்து மூடினாள்.

"அக்கா..."

"அழாத."

திருவிருந்துக்குச் சபை எழுந்தது. சுகிர்தா கையை விடவில்லை.

"எந்திரி. ரெண்டு பேரும் சேர்ந்தே போயி முழங்கால் போடுவோம்."

பீடத்தின் முன்னால் ஜெயசிங் ஏற்கெனவே முழங்காலில் இருந்தான். அவனுக்குப் பக்கத்தில் இரண்டு பேருக்கு இடம் இருந்தது.