டெமோ வகுப்பில் ஜெபர்சன்

சாக்பீஸ் மூன்றாவது முறையும் உடைந்தது.

குனிந்து எடுக்கவில்லை. கையில் தங்கிய துண்டை வைத்தே எழுதினாள்.

தாமஸ் ஜெபர்சன். வாழ்வும் சாதனைகளும்.

தலைப்பு அவள் தேர்ந்தெடுத்தது இல்லை. சற்று முன் சீட்டில் எழுதிக் கையில் கொடுத்தார்கள். அமெரிக்காவின் மூன்றாவது ஜனாதிபதி. பத்தே நிமிடம்.

மாணவர் பெஞ்சில் மூன்று பேர். முதல்வர் அம்மா, வரலாற்றுத் துறைத்தலைவர், நடுவில் கல்லூரிச் செயலர். கல்லூரியே அவர் குடும்பத்துடையது. வயது அறுபதுக்கு மேல். கால் பெஞ்சுக்குள் அடங்காமல் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

எங்களை ஸ்டூடண்ட்ஸாக நினைத்துக்கொள்ளுங்கள் என்று தொடங்கும் முன் அவர்தான் சொன்னார். எல்லாக் கல்லூரியிலும் சொல்வது. வந்தவர்கள் தலையாட்டுவார்கள். பிறகு அதே பெஞ்சைப் பார்த்து சார், மேடம் என்று குழைவார்கள்.

விரிவுரையாளர் வேலைக்காக அவளுக்கு இது ஏழாவது டெமோ.

ஆறிலும் குழைந்தாள். மூன்றாவது கல்லூரியில் கமிட்டியில் ஒருவர் தூங்கியேவிட்டார். அவர் விழித்துக்கொள்ளாதபடி மெதுவாகப் பேசி முடித்தாள். ஆறிலும் கிடைக்கவில்லை.

வீட்டில் டிகிரி வாங்கிய முதல் ஆள். எம்.ஏ., எம்.பில்., நெட் தேர்ச்சி. அப்பாவும் அம்மாவும் செங்கல் சூளையில். சொல்லியனுப்புகிறோம் என்றார்கள் என்று ஒவ்வொரு முறையும் போய்ச் சொல்வாள். யாரிடம் சொல்லி அனுப்புவார்கள் என்று அம்மா கேட்பாள்.

இதுவும் இல்லையென்றால் திருப்பூரில் பனியன் கம்பெனி. சித்தி பேசி வைத்துவிட்டாள்.

1743-ல் பிறந்தார். 1776-ல் சுதந்திரப் பிரகடனத்தை எழுதினார். எல்லா மனிதரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள்.

கல்லறையில் என்ன பொறிக்க வேண்டும் என்று அவரே எழுதி வைத்துவிட்டுப் போனதைச் சொன்னாள். மூன்று சாதனைகள். பிரகடனம், மதச் சுதந்திரச் சட்டம், ஒரு பல்கலைக்கழகம். ஜனாதிபதியாக இருந்ததை அவர் சேர்க்கவே இல்லை.

துறைத்தலைவர் லேசாகத் தலையசைத்தார். ஆறு நிமிடம் போயிருந்தது.

இங்கேயே முடித்திருந்தால் வேலை.

முடிக்க மனம் வரவில்லை.

அவர் சேர்க்காமல் விட்டது இன்னும் இருக்கிறது என்றாள். மலைமேல் கட்டிய அவர் வீட்டுக்குச் செங்கல் அங்கேயே அறுத்துச் சுட்டது. சுட்டவர்கள் அடிமைகள். அவர் வாழ்நாளில் அறுநூறு பேருக்கு மேல் அவருக்குச் சொந்தமாக இருந்தார்கள்.

செயலர் பக்கத்திலிருந்த முதல்வர் அம்மாவின் பேனாவைத் தட்டிவிட்டார். வேண்டுமென்றேதான். பெரிதாகக் கொட்டாவி விட்டார். மாணவராக நடிப்பு. இதுவும் எல்லா இடத்திலும் உண்டு. வகுப்பை அடக்கத் தெரிகிறதா என்று பார்ப்பார்கள்.

பிறகு கையைத் தூக்காமலே பேசினார்.

"மிஸ், அதெல்லாம் பரீட்சைக்கு வராது. சாதனைய மட்டும் சொல்லுங்க."

நடித்தாரா, நிஜமாகவே சொன்னாரா. முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

எம்.பில்.லில் அவளுடைய கைடும் இதையேதான் சொன்னார். சொல்லிவிட்டு ஆய்வேட்டிலிருந்து ஒரு அத்தியாயத்தையே உருவிப் போட்டார். அன்றைக்குச் சரிங்க சார் என்றாள்.

"எந்திரி."

செயலர் நிமிர்ந்து பார்த்தார்.

"ஒன்னத்தான். வெளிய போயி நில்லு."

டியூஷனில் நாற்பது பிள்ளைகளை மேய்த்த குரல் அது. அவளைக் கேட்காமல் வந்துவிட்டது.

முதல்வர் அம்மாவின் கை வாய்க்குப் போயிற்று. துறைத்தலைவர் நேரம் பார்த்துக்கொண்டிருந்த செல்போனைக் கவிழ்த்து வைத்தார்.

அப்புறம்தான் அவளுக்கு உறைத்தது. யாரை, என்ன சொன்னோம் என்று.

மன்னிப்புக் கேட்க ஒரு நொடி இருந்தது. அந்த நொடி போவதை அவள் பார்த்தாள். போகட்டும் என்று விட்டாள்.

அவர் எழுந்தார். பெஞ்சிலிருந்து காலை உருவ நேரம் பிடித்தது. வேட்டியைச் சரிசெய்துகொண்டார். வாசலைத் தாண்டி வராந்தாவில் போய் நின்றார்.

வேலை போயிற்று.

போனதும் புது சாக்பீஸ் ஒன்றை எடுத்தாள்.

முழுசாக மூச்சு வந்தது. இடுப்பில் குத்திக்கொண்டே இருந்த சேலைப் பின்னைக் கழற்றி மேசைமேல் வைத்தாள்.

மிச்சமிருந்த மூன்று நிமிடம் அவளுடையது.

சார் இல்லை, மேடம் இல்லை. பெஞ்சில் இருந்த இருவருக்கும் பாடம் எடுத்தாள். ஜெபர்சன் இறந்தது 1826 ஜூலை நான்கு. ஆறு மாதம் கழித்து, ஜனவரிக் குளிரில், அதே வீட்டில் நூற்று முப்பது பேர் ஏலத்துக்கு வந்தார்கள். அவர் உயிலில் விடுதலை எழுதியது ஐந்தே பேருக்கு. ஒருவர் ஜோ ஃபாசெட், கொல்லர். அவர் மனைவி ஈடித், ஜனாதிபதி மாளிகையிலேயே சமைத்தவர். விடுதலை புருஷனுக்கு மட்டும். ஈடித்தையும் பிள்ளைகளையும் ஜோவின் கண்ணெதிரே விற்றார்கள்.

பெயர்களைப் பலகையில் எழுதினாள். பெரிதாக.

முதல்வர் அம்மா குனிந்து பேனாவைத் தேடி எடுத்தார். எழுத ஆரம்பித்தார். மதிப்பெண் தாளில் இல்லை. தன் டைரியில்.

பத்து நிமிடம் தாண்டிவிட்டது. போதும் என்று யாரும் சொல்லவில்லை.

ஜன்னலுக்கு அந்தப் பக்கம் செயலரின் வெள்ளைச் சட்டை. ஆபீசுக்குப் போகவில்லை. சுவரில் சாயவும் இல்லை.

அடுத்த டெமோவுக்குக் காத்திருந்த ஒருவன் ஃபைலை மார்போடு அணைத்தபடி அவரிடம் வந்தான். வெளியூர்க்காரன் போல, அவர்தான் செயலர் என்று தெரியவில்லை. உள்ளே முடிந்துவிட்டதா, நான் போகலாமா என்று கேட்டான்.

அவர் அவன் பக்கம் திரும்பவே இல்லை. பலகையைப் பார்த்தபடி சொன்னார்.

"இருப்பா. பாடம் நடக்குது."