கிரகணத்தன்று அரிந்த மீன்

“கெரகணத்துல அருவாமனையத் தொடாதடின்னு தலபாடா அடிச்சுக்கிட்டேன். கேட்டாளா? இப்ப புள்ள ஒதட்டப் பாருங்க!”

திருவேட்டக்குடி மீன் ஏலத்திடலில் பெரியநாயகி இதைச் சொல்லாத நாளில்லை. தம்பி மணிவேல் வீட்டோடு இருப்பவள். தம்பி மகன் மேலுதடு பிளந்து பிறந்ததிலிருந்து அவள் வாய்க்கு ஓய்வே இல்லை.

மணிவேலின் மனைவி நந்தினிக்குக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. கிரகணத்தன்று ஏலம் போகாத மீன் ஒரு கூடை கிடந்தது. கீறி உப்புப் போடாவிட்டால் நாறிப்போகும். அரிந்தாள், உண்மைதான். அதற்காக ஊரைக் கூட்டியா சொல்வார்கள்?

ஆனாலும் பிள்ளைக்குப் பால் புகட்டும்போதெல்லாம், நாம்தான் கெடுத்துவிட்டோமோ என்று அந்த உதட்டையே பார்த்துக்கொண்டிருப்பாள். இதற்கு ஒரு முடிவு கட்டாமல் விடுவதில்லை என்று கிளம்பிவிட்டாள்.

“அண்ணி, ஆட்டோ வந்துருக்கு. ஏறுங்க.”

“எங்கடி?”

“காரைக்கால் ஆஸ்பத்திரிக்கு. என்னாலதான் புள்ளைக்கு இப்படி ஆச்சுன்னு டாக்டரம்மா சொல்லட்டும், ஏலத்திடல்லயே உங்க கால்ல விழுறேன். இல்லைன்னு சொன்னா, நீங்க இனிமே இதப் பத்தி வாயே தொறக்கக் கூடாது.”

“எனக்கென்னடி பயம்?” என்று முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினாள் பெரியநாயகி.

டாக்டர் உம்மு சல்மா நந்தினி கையிலிருந்த பிள்ளையைப் பார்த்துவிட்டு, இருவர் கட்சியையும் பொறுமையாகக் கேட்டார். சிரிக்கவில்லை.

“மொகம் ஒரே துண்டா வர்றதில்லம்மா. ரெண்டு பக்கத்துலேர்ந்தும் வளந்து வந்து நடுவுல ஒட்டும். ஒதடு ஏழாவது வாரத்துக்குள்ள ஒட்டிடணும். அப்ப புள்ளையே மொச்சக்கொட்டை அளவுதான் இருக்கும். மாசமா இருக்கோம்னே சில பேருக்குத் தெரியாது. ஏதோ சில புள்ளைங்களுக்கு ஒட்டாம நின்னுடுது. சரி, கெரகணம் எப்ப வந்துச்சு?”

“வளைகாப்பு முடிஞ்ச மறு வாரம்,” என்றாள் நந்தினி.

“ஏழாம் மாசம். அதுக்கு ரொம்ப முன்னாடியே ஒதடு இப்படித்தான் இருந்துருக்கு. நீ மீன் அரிஞ்சதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. ஆபரேஷன் பண்ணா சரியாயிடும்.”

நந்தினிக்கு அப்பாடா என்றிருந்தது. ஜெயித்துவிட்டாள். இத்தனை நாள் பட்டதற்கெல்லாம் சேர்த்துக் கேட்டுவிடும் ஆத்திரத்தோடு திரும்பினாள்.

“கேட்டீங்களா அண்ணி?”

பெரியநாயகி அவளைப் பார்க்கவே இல்லை. மேசை விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

“டாக்டரம்மா… கெரகணம் ஒம்பதாம் மாசத்துல வந்தாலும் அப்படித்தானா?”

“எப்ப வந்தாலும் அப்படித்தாம்மா. யாருக்குக் கேக்குறீங்க?”

“எனக்குத்தாங்க. என் புள்ளைக்கும் ஒதடு இப்படித்தான் இருந்துச்சு. பால் இழுக்க முடியாமலே போய்ச் சேந்துட்டான். நான் மீன் அரிஞ்சதாலதான் செத்தான்னு மாமியார் ஊட்ல வெரட்டி விட்டுட்டாங்க. நானும் நாந்தான் கொன்னுட்டேன்னு நெனச்சுக்கிட்டு இருக்கேன். அந்தப் பயத்துலதாங்க இவளத் தடுத்தேன்.”

“நீங்க ஒண்ணுமே பண்ணலம்மா,” என்றார் டாக்டர்.

பெரியநாயகி உடைந்துபோய் அழுதாள். அவ்வளவு பெரிய வாய்க்குள் இப்படி ஒரு அழுகை இருந்தது நந்தினிக்கு இத்தனை நாள் தெரியாது. ஜெயித்த சந்தோஷம் போன இடம் தெரியவில்லை. பிள்ளையை நாத்தனார் மடியில் வைத்துவிட்டு, அவள் கண்ணைத் துடைத்தாள்.

“எழுந்திரிங்க அண்ணி. உங்க மாமியார் ஊட்டுக்கு வழி சொல்லுங்க. இத அவங்க வாசல்ல நின்னு, ஊரே கேக்குற மாதிரி நான் சொல்றேன்.”