ராக்கெட்டின் ஓட்டு

துண்டுச் சீட்டில் ‘ஐந்து’ என்று எழுதியபோது அவள் முகத்தில் அப்படி ஒரு கனிவு. பக்கத்திலிருந்து யாராவது பார்த்திருந்தால், ரோல் நம்பர் ஐந்தின் மேல் அவளுக்கு ஏதோ மயக்கம் என்றே முடிவு கட்டியிருப்பார்கள்.

ரோல் நம்பர் ஐந்து அப்போது கடைசி வரிசையில், பாதித் தூக்கத்தில், தன் சீட்டை மடித்துக்கொண்டிருந்தார். பகலெல்லாம் கிடங்கில் சூப்பர்வைசர் வேலை. முதுநிலை பன்னாட்டு வணிகப் பொருளியல் வகுப்பில் மாலை ஆறு மணிக்கு வந்து உட்கார்ந்ததுமே கண் சொக்கிவிடும். அவருக்கு இன்னொரு ஓட்டு விழ வாய்ப்பே இல்லை. அதற்காகத்தான் அவருக்குப் போட்டாள்.

வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் ஒரு பருவம் படிக்க, இந்த வகுப்பில் ஒரே ஒருவருக்கு இடம். செலவு முழுக்க அவர்களுடையது. யாரை அனுப்புவது என்ற பொல்லாப்பு வேண்டாமென்று பேராசிரியர் கையைக் கழுவிவிட்டார்.

“பன்னிரண்டு பேருமே தகுதியானவங்கதான். யாரு போகணும்னு நீங்களே ஓட்டுப் போட்டுச் சொல்லிடுங்க. ஒரே கண்டிஷன், தனக்குத்தானே போட்டுக்கக் கூடாது.”

அந்த இடம் அவளுக்கு வேண்டும். கப்பல் கம்பெனியில் ஆறு வருஷமாகச் சரக்கு ரசீது அடிக்கிறாள். அவள் விரல் அடித்த துறைமுகங்கள் நூற்றுக்கு மேல் இருக்கும். கண் பார்த்தது ஒன்றுகூட இல்லை.

ஆனால் ராக்கெட் இருக்கிறாளே!

ராக்கெட்டுக்கு அந்தப் பட்டப்பெயரை வைத்தவளே அவள்தான். ராக்கெட்டுக்கு வங்கியில் அந்நியச் செலாவணிப் பிரிவில் வேலை. பேராசிரியர் கேள்வியை முடிப்பதற்குள் பதில் சீறிக்கொண்டு கிளம்பும். பேராசிரியர் ராக்கெட்டுக்கு ‘சபாஷ்’ சொன்ன ஒவ்வொரு தடவையும் அவள் தன் நோட்டின் கடைசிப் பக்கத்தில் தேதி போட்டு ஒரு கோடு இழுப்பாள். இதுவரை முப்பத்தொரு கோடு. அவளுக்கு விழுந்த சபாஷ் இரண்டு. அதிலும் ஒன்று, மழை வந்தபோது ஜன்னலைச் சாத்தியதற்கு.

ராக்கெட் கெட்டவளாகவாவது இருந்து தொலைத்திருக்கலாம். நிம்மதியாக வெறுத்திருக்கலாம். அதற்கும் வழியில்லை.

“நோட்டு, போன வார நோட்ஸ் குடேன். உன்னை மாதிரி யாரு எழுதுவா?” என்று சிரித்துக்கொண்டுதான் கேட்பாள். வகுப்பில் எல்லாருக்கும் அவள் பெயரே ‘நோட்டு’தான்; அவளிடம் நோட்டு வாங்காதவர் யாரும் இல்லை. அவளிடம் கருத்துக் கேட்டவரும் யாரும் இல்லை.

ஒருநாள் வயிற்றெரிச்சல் தாங்காமல் பேராசிரியரிடமே கேட்டாள். “சார், ஒரு நாடு எல்லாத்தையும் மத்தவங்களைவிட நல்லாவே செஞ்சுட்டா, மத்த நாடெல்லாம் என்னதான் சார் பண்ணும்?”

“பயப்படாதீங்கம்மா. எல்லாத்துலயும் கெட்டிக்கார நாடுகூட எல்லாத்தையும் தானே செய்யாது. அடுத்தவங்களுக்குன்னு ஏதாவது விட்டு வைக்கும்.”

அவள் ராக்கெட்டைத் திரும்பிப் பார்த்தாள். விட்டு வைக்கிற முகமாகத் தெரியவில்லை.

அதனால்தான் இன்றைக்கு ஓட்டை இப்படி யோசித்துப் போட்டாள். ராக்கெட்டுக்குப் போடுவது தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்வது. ஓரளவு படிக்கிற வேறு யாருக்குப் போட்டாலும் ஆபத்துதான். ஜெயிக்கவே முடியாத ஆளுக்குப் போட்டால் வம்பில்லை.

பேராசிரியர் முதல் சீட்டைப் பிரித்தார். “ஒன்பது.”

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது அவளுடைய நம்பர். யாரோ பாவம் பார்த்துப் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

“ஒன்பது.” கரும்பலகையில் இரண்டாவது கோடு விழுந்தது. “இதுவும் ஒன்பது.”

ஐந்தாவது கோட்டில் அவளுக்குக் காது சூடாயிற்று. எட்டாவது கோட்டில் கண் கலங்கிவிட்டது. நடுவில் ஒரே ஒரு சீட்டு, “ஐந்து.”

கடைசி வரிசைக்காரர் திடுக்கிட்டு விழித்தார். “எனக்கா சார்? யாரு அந்தப் புண்ணியவான்?”

பன்னிரண்டு சீட்டில் பதினொன்று அவளுக்கு. பேராசிரியர் சாக்பீஸைக் கீழே வைத்தார். “இப்படி ஒரு ஒத்துமையை என் சர்வீஸ்லயே நான் பார்த்ததில்ல!”

கைதட்டியது அவர் மட்டும்தான். மற்றவர்கள் எல்லாரும் ஒரே பேருந்தைத் தவறவிட்டவர்கள் மாதிரி ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் கண்ணில் அதெல்லாம் படவில்லை. அவள் மனம் ஒரே இடத்தில் நின்றுவிட்டது. தன் சீட்டைத் தவிர மற்ற எல்லாமே தனக்கு என்றால், ராக்கெட்டின் ஓட்டும் தனக்குத்தானே!

முப்பத்தொரு கோடுகளும் அவள் நெஞ்சில் குத்தின. ஒரு வருஷமாகப் பொருமித் தீர்த்தோமே, அந்தப் பெரிய மனசுக்கு முன்னால் நாம் எம்மாத்திரம் என்று கூசிப்போனாள். வகுப்பு முடிந்ததும் படியில் ஓடிப் போய் ராக்கெட்டின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அக்கா, உங்களைப் பத்தி நான் மனசுக்குள்ள என்னென்னமோ நெனச்சுட்டேன். மன்னிச்சுருங்க. உங்களுக்கும் இந்த இடம் வேணும்தானே? அப்புறம் ஏன்க்கா எனக்குப் போட்டீங்க?”

எந்தக் கேள்விக்கும் தாமதிக்காத ராக்கெட் இந்தக் கேள்விக்குத் தாமதித்தாள். முகம் வெளிறிப் போயிருந்தது.

“வேற யாரும் உனக்குப் போடமாட்டாங்கன்னு நம்பித்தானேடி போட்டேன்!”