ஏழு மணி ரிப்போர்ட்

எங்கள் ஆபீஸின் பழைய மெயில் சர்வரிலிருந்து ஐம்பத்தெட்டு பேருடைய மெயில் பெட்டிகளைப் புது மெஷினுக்கு மாற்றினேன். போன மாதம் இறந்துபோன டிரைவருடையதை மட்டும் மாற்றவில்லை. "போனவருக்கு எதுக்குப்பா மெயிலு? விட்டுத்தள்ளு" என்றார் மேனேஜர்.

பழையதன் ஒயரைப் பிடுங்கி, எதையும் திரும்பப் படிக்க முடியாதபடி டிஸ்க்குகளைக் கழற்றித் துளை போட்டேன். வெறும் கூட்டை ஸ்டோர் ரூமில் வைத்துப் பூட்டினேன்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு, வழக்கம்போல அந்தப் பழைய சர்வரின் தினசரி ரிப்போர்ட் எனக்கு வந்தது. மொத்தப் பெட்டிகள்: 1. கீழே டிரைவரின் பெயர்.

"செத்தும் வேலை பார்க்குது. உன்னைவிடப் பரவாயில்லை" என்று மேனேஜர் சிரித்தார்.

வியாழக்கிழமை 2 என்று வந்தது. இரண்டாவதாக ரிசப்ஷன் அக்காவின் பெயர். அவர் பத்து மணிக்கு வந்து எனக்கு குட்மார்னிங் சொன்னார். மதியம் மாடிப்படியில் சரிந்தார். ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அதிலிருந்து மேனேஜர் தினமும் ஏழு மணிக்கே வந்து என் மேஜையருகே நிற்கிறார். இன்று 3 என்றிருந்தது. மூன்றாவது பெயரைப் படித்ததும் திரையை என் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

"எத்தனைப்பா?"

"ரெண்டுதான் சார்."

அவர் பெருமூச்சு விட்டார். பிறகு மகளுக்கு போன் போட்டு, சாயங்காலம் சீக்கிரம் வந்துவிடுவதாகச் சொன்னார்.