ஈரம் சொல்லாத பலகை

ஒரு கரையில் ஃபைபர் படகு ஒன்று வயிறு திறந்து கிடந்தது. அதன் உள்ளும் புறமுமான இரண்டு ஃபைபர் தோலுக்கும் நடுவில் இருந்த பழைய பலகை ஊறி அழுகிப்போயிருந்தது. மேஸ்திரி ரெமிஜியுஸ் அதைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதுப் பலகை ஒன்றைக் கொண்டுவந்தார். முந்தின நாள் மழையில் நனைந்த பலகை அது. மேலே காய்ந்திருந்தது, உள்ளே காயவில்லை.

மேஸ்திரி ஒட்டும் பசையான ரெசினைக் கலக்கிவிட்டார். இனி அது இறுகுவதற்குள் வேலை முடிய வேண்டும்.

"தம்பி, உன்கிட்ட ஈரம் கீரம் இல்லையே?" என்று படகு கேட்டது. "போன தடவை நடுக்கடல்ல பிளக்கப் பார்த்தேன்."

பக்கத்தில் சாய்ந்திருந்த ஃபோம் அட்டை கிசுகிசுத்தது. "சொல்லிடுடா. நீ நல்லா வெயில்ல காஞ்சுட்டு வேற படகுக்குப் போ. இதுக்கு நான் போறேன்."

"ஓஹோ, என் இடம் கேக்குதா உனக்கு?" என்ற பலகை, படகைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னது. "கருவாடா காஞ்சு கிடக்கேன் அண்ணே!"

ரெசினைப் பூசி, பலகையை உள்ளே அழுத்தி, மேலே ஃபைபர் துணி விரித்து மூடிவிட்டார் மேஸ்திரி.

பிறகு ஒருநாள் மூன்று பேரை ஏற்றிக்கொண்டு படகு கடலில் இறங்கியது. வெயில் ஏறியது. பலகைக்குள் இருந்த ஈரம் சூடாகித் தோலைத் தள்ளத் தொடங்கியது.

"தம்பி, உன் பக்கம் கொப்புளமா எழும்புதே," என்றது படகு. "கரை இன்னும் தெரியுது. எஞ்சினை ரெண்டு தடவை இரும விட்டா திரும்பிடுவாங்க. விடட்டுமா?"



"வெயில்தான் அண்ணே," என்றது பலகை. "நீங்க போங்க."

படகு ஆழக்கடலைப் பார்த்து மூக்கைத் திருப்பியது.